‘கார்பன் நிலைநிறுத்தம்’ நிலைநிற்குமா?

வாலாஜாபேட்டையிலிருந்து:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒளியின் ஆற்றலை இலை பிடித்துக்கொள்ளும் ஒளிவினை வரை பிள்ளைகள் நன்றாகவே கூட வந்தார்கள். அடுத்த பகுதியில், இலை காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் இடத்தில், ‘கார்பன் நிலைநிறுத்தம்’ என்ற சொல் வருகிறது. இதற்குப் பொருள் எழுதச் சொன்னால், “காற்றில் அலையும் வாயுவை இலைக்குள் அசையாமல் நிறுத்தி வைப்பது” என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சொல் அப்படித்தான் சொல்கிறது.

இதே பகுதிக்கு ‘இருள்வினை’ என்று இன்னொரு பெயரும் உண்டு. அதனால் இது இரவில் நடப்பது என்று வகுப்பில் பாதிப் பேர் நம்புகிறார்கள். இரண்டுக்கும் மாற்றுச் சொல் கிடைக்குமா? தேர்வுக்குப் பாடநூல் சொல்லையே எழுதச் சொல்வேன். புரிந்துகொள்வதற்கு வேறொரு சொல் இருந்தால் நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பாடநூல்களில் ஒளிச்சேர்க்கை என்பது ஒளித்தொகுப்பு. கார்பன் என்பது காபன். நீங்கள் நிலைநிறுத்தம் என்பதை நாங்கள் பதித்தல் என்போம். நைதரசன் பதித்தல், காபன் பதித்தல். பல தலைமுறை மாணவர்கள் இதைப் படித்துத் தேர்ந்திருக்கிறார்கள். புதிதாகத் தேடுவதற்கு முன் இதைக் கருதிப் பாருங்கள்.

ஆம்பூரிலிருந்து:

‘கரிமக் கோப்பு’ என்பது என் பரிந்துரை. கார்பன் அணுக்களை ஒன்றோடொன்று கோப்பதுதானே நடக்கிறது? வேண்டாம் என்றால் ‘கரிப்பிடிப்பு’ என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

காட்பாடியிலிருந்து:

ஆசிரியை அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். சற்று நீளமாக எழுதப் போகிறேன். வேளாண் துறையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வில் இருப்பவன், நேரத்துக்குப் பஞ்சமில்லை.

முதலில் ஆம்பூர் நண்பருக்கு. ‘கரிமக் கோப்பு’ என்று வைத்தால், கலெக்டர் அலுவலகத்தில் கரிமக் கோப்பு தேங்கிக் கிடப்பதாக ஏதாவது ஒரு நாளிதழ் எழுதிவிடும். ‘கரிப்பிடிப்பு’ அடுப்படிச் சொல். கரிபிடித்த பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கை சலித்தவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள்; இலைக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால் அவர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள்.

ஆனால் ‘பிடிப்பு’ என்பதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. நம் பக்கத்துக் குடியானவர்கள் பயிரைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்தான் ஓயாமல் வரும். கத்தரியில் பிஞ்சு பிடித்தது, கடலையில் காய் பிடித்தது, நெற்கதிரில் பால் பிடித்தது. வெளியில் இருந்த ஒன்று செடிக்குள் வந்து அதன் உடைமையாகிவிடுவதைச் சொல்லும் சொல் அது. ‘கரிமப் பிடிப்பு’ என்று வைத்துவிடலாம் என்று கைவரை வந்தது. தடை எங்கே என்றால், அனல் மின் நிலையப் புகைபோக்கியிலேயே கார்பன் டை ஆக்சைடை மடக்கிப் பிடிக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். அங்கே வாயு வாயுவாகவே பிடிபடுகிறது; பிறகு அழுத்தி நிலத்தடியில் செலுத்துகிறார்கள். அதற்கு ‘கரிமப் பிடிப்பு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அங்கே அதைக் கொடுத்துவிட்டால் இலைக்கு வேறு தேட வேண்டும். இலையில் வாயு பிடிபடுவதோடு வேலை நிற்பதில்லை. அது வாயுவாக இருப்பதே ஒழிந்துபோகிறது.

யாழ்ப்பாணத்து ஐயாவின் ‘பதித்தல்’ மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மோதிரத்தில் பதித்த கல், கல்லாகவே இருக்கும். பெயர்த்தெடுத்தால் அதே கல் கைக்கு வரும். இலையில் அப்படி இல்லை. அதற்காக உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பொருள் தெரியாமல் சொல் செய்தால் ‘இருள்வினை’ போல ஆகிவிடும்.

1940-ல் மார்ட்டின் கேமனும் சாமுவேல் ரூபனும் கலிஃபோர்னியாவில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைக் கண்டுபிடித்தார்கள். போருக்குப் பிறகு பெர்க்லியில் மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் ஆகியோர் அதையே உளவாளியாக இலைக்குள் அனுப்பினார்கள். உண்மையில் இலைகூட இல்லை, குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பாசி. தட்டையான கண்ணாடிக் குடுவையில் பாசிக் கரைசல்; இரு பக்கமும் விளக்கு. கதிரியக்கக் கார்பனைச் செலுத்திவிட்டு, சில நொடிகளில் குழாயைத் திறந்து பாசியைச் சூடான ஆல்கஹாலில் விழச் செய்வார்கள். விழுந்த கணத்தில் எல்லா வினையும் நின்றுவிடும். சாற்றைத் தாள் வண்ணப்பிரிகை முறையில் பிரித்து, அந்தத் தாளை எக்ஸ்-ரே படச்சுருளோடு சேர்த்து வைத்தால், கதிரியக்கக் கார்பன் எந்தெந்தச் சேர்மத்தில் இருக்கிறதோ அங்கெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். ஒன்றரை நிமிடம் விட்டுவைத்தால் புள்ளிகள் மொய்க்கும். எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. நேரத்தைக் குறைத்துக்கொண்டே போய்ச் சில நொடிகளுக்கு வந்தபோது, பெரும்பகுதிக் கதிரியக்கம் ஒரே சேர்மத்தில் நின்றது. பாஸ்போகிளிசரிக் அமிலம். மூன்று கார்பன் கொண்ட பொருள். கால்வினுக்கு 1961-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பென்சனுக்கும் பாஷமுக்கும் கிடைக்கவில்லை. பாடநூலில் ‘கால்வின் சுழற்சி’ என்று மட்டும் எழுதுவதற்குப் பதில் ‘கால்வின்-பென்சன்-பாஷம் சுழற்சி’ என்று எழுதினால் ஒரு வரிக்குள் நியாயம் செய்துவிடலாம்; ஆசிரியை அம்மா கரும்பலகையிலாவது அப்படி எழுத வேண்டுகிறேன்.

நடப்பது இதுதான். இலைச் செல்லின் பச்சை நுண்ணுறுப்பான பசுங்கணிகத்துக்குள் ஐந்து கார்பன் கொண்ட ஒரு சர்க்கரை காத்திருக்கிறது. ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் என்பது அதன் பெயர். இலைத்துளை வழியாக வந்த கார்பன் டை ஆக்சைடின் ஒரு மூலக்கூறு அதனோடு இணைகிறது. ஐந்தும் ஒன்றும் ஆறு. ஆனால் அந்த ஆறு கார்பன் பொருள் நிலையாக இருப்பதில்லை. உடனே இரண்டாக முறிந்து, மூன்று கார்பன் அமிலங்கள் இரண்டு உண்டாகின்றன. ‘நிலைநிறுத்தம்’ என்று பெயர் வைத்த வினையில் முதலில் பிறக்கும் பொருளே நிலைநிற்காமல் உடைகிறது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் ஒளிவினையில் ஆற்றலைச் சேர்த்து வைத்த பொருள்களான ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் செலவாகின்றன. அந்த அமிலம் ஒடுக்கம் அடைந்து (எலக்ட்ரான்களைப் பெற்று) மூன்று கார்பன் சர்க்கரையாகிறது. மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் உள்ளே வந்தால் மூன்று கார்பன் சர்க்கரை ஆறு கிடைக்கும். அவற்றில் சுழற்சியை விட்டு வெளியே போவது ஒன்றே ஒன்று. மற்ற ஐந்தும் திரும்பவும் ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டாக மாற்றப்படுகின்றன. ஆறு மூட்டை விளைந்தால் ஐந்தை விதைக்கு எடுத்து வைத்துவிட்டு ஒன்றில் குடும்பம் நடத்தும் குடியானவனை எந்த ஊரிலும் பார்க்க முடியாது. இலை அப்படித்தான் பிழைக்கிறது. வெளியே வந்த அந்த ஒன்றுக்கான செலவு ஒன்பது ஏடிபி, ஆறு என்ஏடிபிஹெச். குளுக்கோஸ் நேராக இந்தச் சுழற்சியிலிருந்து சொட்டுவதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாடநூலில் உள்ள சமன்பாடு அப்படி நினைக்க வைக்கிறது. வெளியே வருவது மூன்று கார்பன் சர்க்கரைதான். பசுங்கணிகத்திலேயே தங்கினால் அது ஸ்டார்ச் ஆகும். அதற்கு வெளியே செல்லின் சைட்டோபிளாசத்துக்குப் போனால் சுக்ரோஸ் ஆகி, உணவு கடத்தும் திசுவான புளோயம் வழியாகக் கிழங்குக்கும் காய்க்கும் கரும்பின் தண்டுக்கும் போகும். அம்முண்டி சர்க்கரை ஆலையில் அரைபடும் கரும்பில் உள்ள சுக்ரோஸின் பன்னிரண்டு கார்பன்களும் இந்தச் சுழற்சி வழியாக வந்தவையே.

இணைக்கும் வேலையைச் செய்யும் நொதி ரூபிஸ்கோ. பெயர் வைப்பதில் நாம் இங்கே படும் பாட்டுக்கு ஆறுதலாக ஒரு செய்தி: இந்த நொதியின் முழுப்பெயர் வாயில் நுழையாது. 1979-ல், இதை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த சாமுவேல் வைல்ட்மேனின் ஓய்வையொட்டி நடந்த கருத்தரங்கில், டேவிட் ஐசன்பெர்க் என்பவர் விளையாட்டாக ‘ரூபிஸ்கோ’ என்றார். புகையிலை இலையிலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்து உணவாக்கலாம் என்று வைல்ட்மேன் சொல்லி வந்ததால், நபிஸ்கோ என்ற பிஸ்கட் நிறுவனத்தின் பெயரை வைத்து ஒரு கிண்டல். கிண்டல் ஒட்டிக்கொண்டது. இன்று உலகம் முழுவதும் அதுதான் பெயர். உலகத்திலேயே மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் முதலிடத்தில் வைத்துப் பேசப்படும் ஒன்றுக்குப் பிஸ்கட் பெயர். நாம் மட்டும்தான் தொல்காப்பியத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த நொதி பெரிய சோம்பேறி. நொடிக்கு மூன்று, நான்கு மூலக்கூறுகளைத்தான் இணைக்கும். வேறு சில நொதிகள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும் நேரம் அது. அதனால்தான் தாவரம் அதை அவ்வளவு அதிகமாகச் செய்து வைத்துக்கொள்கிறது. நெல் போன்ற பயிர்களின் இலையில் கரையும் புரதத்தில் பாதி வரைகூட ரூபிஸ்கோவாகவே இருக்கும். போதாததற்கு அது ஆள் அடையாளம் தெரியாதது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான். கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டால், ஒளிச்சுவாசம் என்ற சுற்று வழியில் போய், ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சத்தை இழந்து மீள வேண்டும். வெப்பம் ஏற ஏற இந்தத் தவறு அதிகமாகும். கத்தரி வெயிலில் வேலூரில் ஒரு நெற்பயிர் எப்படிக் காலம் தள்ளுகிறது என்று இதை வைத்து நினைத்துப் பாருங்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

‘ஃபிக்சேஷன்’ (fixation) என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்தால் வழி தெரிகிறது. 1750-களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக், சுண்ணாம்புக்கல் போன்றவற்றைச் சுட்டால் ஒரு வாயு பிரிந்து போவதைக் கண்டார். கல்லுக்குள் கெட்டியாக அடைபட்டுக் கிடந்த காற்று என்ற பொருளில் அதற்கு ‘ஃபிக்ஸ்டு ஏர்’ (fixed air) என்று பெயர் வைத்தார். அது நம் கார்பன் டை ஆக்சைடுதான். அதற்கும் முன்னால் ரசவாதிகளின் பேச்சில் இந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்: ஆவியாகி ஓடுவதை ஓடாமல் ஆக்குவது. ஆக, தாவரவியலார் கடன் வாங்கியது ரசவாதிகளிடமிருந்து. ‘நிலைநிறுத்தம்’ செய்தவர்கள் அகராதியைப் பார்த்தார்கள், ரசவாதியைப் பார்க்கவில்லை.

நமக்கு ரசவாதிகள் இல்லையா? சித்தர்கள் பாதரசத்தோடு போராடியதெல்லாம் எதற்கு? ஓடும் ரசத்தை ஓடாமல் செய்வதற்கு. அந்தச் செயலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கட்டு’. ரசத்தைக் கட்டுதல், ரசக்கட்டு, கட்டின ரசம். சித்த மருத்துவத்தில் அக மருந்துகள் முப்பத்திரண்டு வகை என்று சொல்வார்கள். அதில் ‘கட்டு’ ஒரு வகை. ஆங்கிலத்தார் எந்தப் பட்டறையிலிருந்து சொல்லை எடுத்தார்களோ, அதே பட்டறை நம்மிடமும் இருக்கிறது. அங்கே சொல்லும் தயாராக இருக்கிறது.

எனவே ‘கரிமக்கட்டு’ என்று முன்மொழிகிறேன்.

இது புதிய வழியும் அல்ல. திண்மம் நேராக ஆவியாவதைப் பள்ளியில் ‘பதங்கமாதல்’ என்று படிக்கிறோம். பதங்கம் அந்த முப்பத்திரண்டு மருந்து வகைகளில் இன்னொன்று. அதை வேதியியல் எடுத்துக்கொண்டதில் யாருக்கும் வருத்தம் இல்லை. கட்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வசதி. ‘கரிமம்’ என்றால் கார்பன். ‘கரிம வேதியியல்’ என்னும்போது உயிர்ப்பொருள்களின் வேதியியல். காற்றில் கனிமமாக இருந்த கார்பன், இலையில் கரிமச் சேர்மமாகிறது. இரு பொருளும் இங்கே ஒன்றுக்கொன்று இடிக்காமல் பொருந்துகின்றன. ‘கார்பன் கட்டு’ என்று எழுத விரும்புபவர்கள் எழுதட்டும். நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஒரு கலைச்சொல்லைத் தனியாக வைத்து அழகு பார்ப்பதில் பயனில்லை. வாக்கியத்தில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். ‘இலை கரிமத்தைக் கட்டுகிறது.’ ‘ரூபிஸ்கோ கரிமம் கட்டும் நொதி.’ ‘கட்டுண்ட கரிமத்தில் ஒரு பகுதி ஸ்டார்ச்சாகிறது.’ ‘வெப்பம் மிகுந்தால் கட்டு வீதம் குறைகிறது.’ வினை, எச்சம், பெயர், அளவு எல்லாம் தடுக்காமல் வருகின்றன. ‘நிலைநிறுத்தப்பட்ட கார்பன்’ என்று எழுதிப் பாருங்கள். மூச்சு முட்டும்.

நைட்ரஜனுக்கும் இதே சொல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பாதி வேலைதான். வட ஆர்க்காட்டுக்காரனுக்கு நைட்ரஜன் என்றால் வேர்க்கடலைதான் நினைவுக்கு வரும். செடியைப் பிடுங்கினால் வேரில் சிறுசிறு முடிச்சுகள். நறுக்கினால் உள்ளே செந்நிறம். அதில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறது. ‘வேர்முடிச்சில் நைட்ரஜன் கட்டு நடக்கிறது.’ முடிச்சும் கட்டும் ஒரே வாக்கியத்தில் வந்து உட்கார்ந்ததை நான் ஏற்பாடு செய்யவில்லை.

‘இருள்வினை’க்கும் இதிலேயே விடை இருக்கிறது. 1905-ல் பிளாக்மேன் என்ற தாவரவியலார் ஒளிச்சேர்க்கையை இரண்டு கட்டமாகப் பிரித்துக் காட்டினார். இரண்டாவதற்கு நேரடியாக ஒளி தேவையில்லை என்ற அளவில் அது சரி. பிற்பாடு ஒட்டிக்கொண்ட ‘இருள்’ என்ற பெயர்தான் கெடுத்தது. ஒளி படும்போது பசுங்கணிகத்தின் உட்பாய்மத்தில் காரத்தன்மை ஏறுகிறது, மக்னீசியம் அயனிகள் அதிகமாகின்றன, சுழற்சியின் பல நொதிகள் விழித்துக்கொள்கின்றன. விளக்கை அணைத்தால் சில நிமிடங்களில் சுழற்சியும் படுத்துவிடும். பகலில் நடப்பதற்கு இருள் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒளிவினை, கட்டுவினை என்று சொல்லிவிட்டால் போயிற்று.

குடியாத்தத்திலிருந்து:

வணக்கம். நான் சித்த மருத்துவம் பார்ப்பவன். எங்கள் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி. ஆனால் ஒரு தடை சொல்ல வேண்டும். எங்கள் துறையில் ‘கட்டு’ என்றால் தீயில் நிற்க வேண்டும். புகையாமல், ஓடாமல், எடை குறையாமல் நின்றால்தான் கட்டு. நீங்கள் சொல்லும் சர்க்கரையை அடுப்பில் போட்டால் உருகி, கருகி, கடைசியில் அதே கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். அதை எப்படிக் கட்டு என்பது? எங்கள் பெரியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

காட்பாடியிலிருந்து:

வைத்தியர் ஐயாவுக்கு நன்றி. இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நீளமாக எழுதினேன் போலிருக்கிறது.

தீயில் நிற்பது மருந்தின் தரத்துக்கு நீங்கள் வைத்த அளவுகோல். அந்த அளவுகோலை இலைக்கு வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். சொல்லின் அடிப்படைப் பொருள் ஓடுவதை ஓடாமல் செய்வது. காற்றில் பரவிக் கிடந்ததைக் கரும்புத் தண்டில் மாதக்கணக்கில் இருக்கச் செய்வது அந்தப் பொருளுக்குள் அடங்கும்.

அதோடு, கட்டினால் அவிழ்க்கலாம் என்பது நம் பொதுப் பேச்சில் உள்ள பொருள். இங்கே எனக்கு வேண்டியதும் அதுவே. தாவரம் தான் செய்த சர்க்கரையை இரவும் பகலும் சுவாசத்தில் உடைத்துக் கார்பன் டை ஆக்சைடாக வெளியே விடுகிறது. வேர்க்கடலையைத் தின்றுவிட்டு நாமும் அதையே செய்கிறோம். விறகு எரிவதும் வேதியியல் கணக்கில் அதேதான். சுவாசத்தைக் ‘கரிம அவிழ்ப்பு’ என்று விளக்கினால் பிள்ளைகளுக்கு இரண்டும் எதிரெதிர் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். ‘நிலைநிறுத்தம்’ என்பதற்கு எதிர்ச்சொல் கேளுங்கள்; ‘நிலைகுலைவு’ என்று அரசியல் செய்தி மாதிரி ஏதோ வரும்.

கரும்புக்கு வந்தால் இந்த அவிழ்ப்பு இன்னும் கட்டாயமாகிறது. 1965-ல் ஹவாயில் கோர்ட்ஷாக், ஹார்ட், பர் ஆகிய மூவர், கரும்பில் கதிரியக்கக் கார்பன் முதலில் போய்ச் சேருவது மூன்று கார்பன் அமிலத்தில் அல்ல, நான்கு கார்பன் அமிலங்களில் என்று வெளியிட்டார்கள். மறு ஆண்டே ஆஸ்திரேலியாவில் ஹேட்ச்சும் ஸ்லேக்கும் அதன் பாதையை வகுத்துக் காட்டினார்கள். கரும்பு இலையில் வெளிப்புறச் செல்கள் வேறொரு நொதியைக் கொண்டு கார்பனைக் கட்டுகின்றன. அந்த நொதி ஆக்சிஜனைக் கண்டு ஏமாறாது. உண்டான நான்கு கார்பன் அமிலம், நரம்பைச் சுற்றி உறையாக நிற்கும் உட்செல்களுக்குப் போகிறது. அங்கே கட்டு அவிழ்கிறது. கார்பன் டை ஆக்சைடு நெருக்கமாகத் திரள்கிறது. ரூபிஸ்கோ அதை இரண்டாம் முறை கட்டுகிறது. சுற்றிலும் கார்பன் டை ஆக்சைடு செறிந்திருப்பதால் ரூபிஸ்கோ தவறு செய்வது மிகவும் குறைந்துவிடுகிறது. அதற்குக் கூடுதல் ஏடிபி செலவாகும். வெயில் காயும் நிலத்தில் அந்தச் செலவு கட்டுப்படியாகும். கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், ஜவ்வாது மலையில் விளையும் சாமை எல்லாம் இந்த வழிதான். நெல், வேர்க்கடலை, கத்தரி, மா ஆகியவை பழைய வழி. இதைச் சொல்ல முதற்கட்டு, அவிழ்ப்பு, மறுகட்டு என்ற மூன்று சொற்கள் போதும். ‘முதல்நிலை நிலைநிறுத்தம், மறு நிலைநிறுத்தம்’ என்று எழுதுகிறவர் கைக்கு ஓய்வு கொடுக்கலாம்.

வைத்தியர் ஐயா இதற்கும் சிரித்தால், அடுத்த தடையைச் சொல்லுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

சிரிக்கவில்லை. அவிழ்ப்பு என்பதை ஏற்கிறேன். ஆனால் கலைச்சொல் பட்டியலில் போடும்போது, சித்த மருத்துவத்தில் இதன் பொருள் வேறு என்று ஓர் அடைப்புக்குறியாவது இருக்க வேண்டும். நாளைக்கு யாராவது கரிமக்கட்டு என்று லேகியம் விற்க வந்துவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நான் ‘பதித்தல்’ என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் மாணவர்களுக்கு அதுவே தொடரும். கட்டு என்ற சொல்லுக்குப் பொதி, காயக்கட்டு, கட்டுப்பாடு என்று ஏற்கெனவே பல வேலைகள் இருப்பதும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் எதிர்ச்சொல் பிறப்பது நல்ல குணம். இரண்டு சொற்களையும் பட்டியலில் அருகருகே போடுங்கள்.

வாலாஜாபேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கட்டுவினை என்ற சொல்லை இன்று வகுப்பில் சொன்னேன். “அணைக்கட்டு மாதிரியா?” என்று ஒரு மாணவன் கேட்டான். பாலாற்று அணைக்கட்டைத் தினமும் பார்த்துவிட்டு வருகிற பையன். ஓடுவதை நிறுத்தி வேறு வழியில் திருப்புவது என்று அவனே விளக்கமும் சொல்லிவிட்டான். யாழ்ப்பாணத்து ஐயா பட்டியலிட்ட வேலைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அடுத்த பக்கத்திலேயே சிக்கல் வந்துவிட்டது. சப்பாத்திக்கள்ளியும் பிரண்டையும் ரணகள்ளியும் இரவில் இலைத்துளையைத் திறந்து, கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. பகலில் துளையை மூடிக்கொண்டு, அமிலத்தை உடைத்துச் சுழற்சிக்குக் கொடுக்கின்றன. அப்படியானால் இவற்றில் முதற்கட்டு இரவில் நடக்கிறது. கட்டுவினை பகலில் நடப்பது என்று இப்போதுதான் சொல்லிக் கொடுத்தேன். இதை எப்படிச் சொல்வது?

காட்பாடியிலிருந்து:

அம்மா, ‘கட்டுவினை’ என்பதை ரூபிஸ்கோவின் சுழற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது கள்ளியிலும் பகலில்தான். இரவில் நடப்பதை ‘இராக்கட்டு’ என்போம். கரும்பில் முதற்கட்டும் மறுகட்டும் வெவ்வேறு செல்களில். கள்ளியில் ஒரே செல்லில், வெவ்வேறு பொழுதில்.

ரணகள்ளியைப் பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்லியாக வேண்டும். இதை முதலில் நாக்கால் கண்டுபிடித்து எழுதியவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடி வழியாக வந்து சென்னை மாகாணத்தில் தாவரவியல் வேலை பார்த்தவர். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் நல்ல புளிப்பு, நடுப்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு என்று லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார், 1815-ல் அச்சாயிற்று. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதைத்தான் அவர் நாக்கு படித்திருக்கிறது. இந்தியத் தோட்டத்தில் வளர்ந்த செடி அது. உங்கள் பள்ளித் தோட்டத்தில் ரணகள்ளி இருந்தால், மெல்லவெல்லாம் வேண்டாம். காலையில் பறித்த இலையின் சாற்றையும் மாலையில் பறித்த இலையின் சாற்றையும் தனித்தனியாக, அமிலத்தன்மையின் அளவைக் காட்டும் பிஹெச் தாளில் தொட்டுக் காட்டுங்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

இனி பட்டியலுக்கு வேண்டியவை: கரிமக்கட்டு, நைட்ரஜன் கட்டு, கட்டுவினை, முதற்கட்டு, மறுகட்டு, இராக்கட்டு, அவிழ்ப்பு. யாழ்ப்பாணத்து வழக்கு என்ற குறிப்போடு பதித்தல். புகைபோக்கித் தொழில்நுட்பத்துக்குக் கரிமப் பிடிப்பு; மரத்திலும் மண்ணிலும் நெடுங்காலம் கிடப்பதற்குக் கரிம வைப்பு. வைத்தியர் ஐயா கேட்ட அடைப்புக்குறியையும் போட்டுவிடுகிறேன்.

கரும்பிலையில் நரம்பைச் சுற்றி இரண்டு அடுக்காகச் செல்கள் நிற்கும் அமைப்புக்கு ‘கிரான்ஸ்’ என்ற ஜெர்மன் சொல்லையே நம் பாடநூலும் வைத்திருக்கிறது. அந்த மொழியில் அதற்கு மலர்வளையம் என்று பொருள். ‘வளைய அமைப்பு’ என்றால் வேதியியலில் பென்சீன் வளையத்தோடு மோதும். ‘மாலை அமைப்பு’ என்றால் பொழுதோடு மோதும், அதுவும் கள்ளியின் இராக்கட்டுக்குப் பக்கத்திலேயே. ஆம்பூர் நண்பர் ‘கோப்பு’ போன வருத்தத்தில் இருப்பார். இதை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.